பல்லிடையே ஒளிந்ததை ஒளி காட்டும்

புத்தளம் களப்பை ஒரு புறத்திலும் பெருங்கடலை மறு புறத்திலும் கொண்டு, மெலிந்த நாவைப் போல வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது கற்பிட்டித் தீபகற்பம். அதன் மேலைக் கரையிலே, மணலும் தென்னையும் படகும் வலையுமாகக் காட்சியளிக்கும் கடற்றொழிற் கிராமம் கண்டக்குழி. கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் வேற்றூர் மீனவரும் இக்கரையோரங்களுக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் புரிவர். தென்மேற்குப் பருவக்காற்று மூண்டெழுந்ததும் பலர் வேறு கரைகளை நாடுவர்.

இத்தகைய கரையோரக் குடும்பமொன்றின் ஆச்சியையும் அவருடைய பேத்தியையும் மனக்கண்முன் நிறுத்திக்கொண்டு இக்கட்டுரையைப் படிக்குமாறு வாசகர்களை வேண்டுகின்றோம். அவ்விருவரும் நாம் கற்பித்துக்கொண்ட மாந்தரே. ஆனால் அவர்களுக்கு நேர்ந்த துன்பம் கற்பனையன்று. எம்மவர் வீடுகள் எத்தனையோவற்றில் இரவு வேளையிலே நிகழ்வதுதான்.

ஆச்சி கோழி வளர்ப்பவர். கோழி அடையிருந்து ஏழெட்டு நாள் சென்றதும், இரவிலே முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, விளக்கின் முன்னே கைக்குவியலுள் பிடித்துப் பார்ப்பார். உள்ளே செந்நிற நரம்புகள் சிலந்தி வலை போல ஓடியிருந்தால் முட்டை கருக்கொண்டது. ஒன்றுமின்றி வெளிறியிருந்தால் அது கூமுட்டை. ஓட்டை உடைக்காமலே உள்ளிருப்பதை அறியும் இவ்வித்தையை அவர் எப்பள்ளியிலும் கற்றவரல்லர்.

பேத்திக்கு வயது பதின்மூன்று. மூன்று இரவாக அவளுக்கு உறக்கமில்லை. வலப்புறக் கீழ்த்தாடையிலே குத்தும் வலி. கராம்பை நசுக்கி வைத்தும் தணியவில்லை. ஆச்சி அவளுடைய வாயைத் திறக்கச் சொல்லி, டோர்ச் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாப் பல்லும் முத்து மாதிரி வெள்ளையா இருக்கே, புள்ள! இதில எங்க சூத்தை?" என்று வியந்தார்.

ஆச்சியின் வியப்பிலே நியாயமுண்டு. சூத்தை என்றால் பல்லின் மேலே தோன்றும் கரிய குழி என்பதே எம்மில் பலர் கொண்ட எண்ணம். ஆனால் கண்ணுக்குத் தோன்றும் குழியைக் காட்டிலும் வஞ்சகமான பகைவன் ஒருவன் உண்டு. இரண்டு பற்கள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் இடத்திலே அவன் ஒளிந்திருக்கின்றான். அவனைக் காட்டிக்கொடுப்பதற்கு ஆச்சியின் முட்டை விளக்கையொத்த கருவிகளையே பல் வைத்தியர்கள் இன்று கையாளுகின்றனர்.

மறைவிடம் எது?

கடைவாய்ப் பற்கள் இரண்டு அடுத்தடுத்து நிற்கும்போது, அவற்றின் பக்கச் சுவர்கள் ஓரிடத்திலே தொட்டுக்கொள்கின்றன. அத்தொடுமிடத்துக்குச் சற்றுக் கீழே, ஈறுக்கு மேலே, ஒரு சிறு முக்கோண வெளி இருக்கின்றது. தூரிகையின் மயிர்கள் அங்கே செல்வதில்லை, நாவும் செல்வதில்லை. உணவின் நுண்துணுக்கைகளும் அவற்றை உண்டு வாழும் பற்றீரியாக்களும் அங்கே அமைதியாகக் குடியிருக்கின்றன.

இப்பற்றீரியாக்களுள் பேர்பெற்றது ‘ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ்’ என்பது. பிரித்தானிய ஆராய்ச்சியாளரான கிளார்க் என்பார் சூத்தைப் பற்களிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து 1924ஆம் ஆண்டிலே விவரித்தார். நாம் சீனியை உண்ணும்போது இவ்வினமும் உண்கின்றது. உண்டு அமிலத்தைக் கக்குகின்றது. பல்லின் மேலாடையாகிய எனாமல், அதாவது மிளிரி, எடையளவில் நூற்றுக்குத் 96 பங்கு கனிப்பொருளால் ஆனது; மனித உடலில் இதனினும் கடினமான பொருள் வேறில்லை. ஆயினும் அமிலத் தன்மை மிகுந்து, பி.எச். என்னும் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கியதும், அக்கனிப்பொருள் கரையத் தொடங்குகின்றது.

இயற்கை எம்மைக் கைவிட்டுவிடவில்லை. சிறிது நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த கனிப்பொருளை மீண்டும் கொணர்ந்து சேர்க்கின்றது. ஆகவே பல்லின் மேற்பரப்பிலே நாள்தோறும் ஓர் இழுபறி நடந்தவண்ணம் இருக்கின்றது. இழப்பு வரவை விஞ்சினால் எனாமலின் உட்புறம் நுண்துளைகள் நிறைந்ததாகின்றது. அப்பொழுதும் மேற்பரப்பு இடிந்துவிடுவதில்லை, குழி இல்லை, வலியும் இல்லை. நிலைப்பற்களிலே இந்நிலை பல மாதங்கள், பெரும்பாலும் ஆண்டுகள்கூட, நீடிப்பதுண்டு. எனாமலைக் கடந்து, அதன் உள்ளேயுள்ள மென்மையான டென்டீன் படைக்குள் அழிவு புகுந்த பின்னரே அது விரைந்து பரவுகின்றது. நரம்பும் குருதிக் குழாயும் உறையும் நடுவறையை எட்டும்போதுதான், ஆச்சியின் பேத்தி கண்டது போன்ற இரவுகள் வருகின்றன.

இதிலே வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. எனாமலோடு நிற்கும் சூத்தையைத் துளையிடாமலே தடுத்து நிறுத்த முடியும். பல சந்தர்ப்பங்களில் அதனைத் திருப்பவும் முடியும். குழி விழுந்த பின்னரோ அடைக்கத்தான் வேண்டும். நடுவறையை எட்டிய பின்னர் வேர்ச் சிகிச்சை அல்லது பல் பிடுங்கல். எனவே சூத்தையைக் காண்பது மட்டும் போதாது. காலத்தோடு காண வேண்டும்.

எக்ஸ் கதிரின் பணி

காண முடியாத இடத்தைக் காண்பதற்கு முதலில் உதவியது எக்ஸ் கதிர். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரிலே றொன்ட்ஜன் அதனைக் கண்டறிந்தது 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில். இரண்டு மாதங்கூட நிறைவேறுமுன், 1896 ஜனவரியிலே, அந்நாட்டின் பல் வைத்தியரான ஒட்டோ வால்கொஃப் தம்முடைய பற்களையே அக்கதிருக்கு உட்படுத்திப் படமெடுத்துக்கொண்டார். அதற்காக அவர் 25 நிமிடம் அசையாதிருக்க வேண்டியிருந்தது. 1925இல் அமெரிக்கரான ராப்பர் என்பார், நோயாளி பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ளும் சிறு படலத்தை ஆக்கினார். மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒரே படத்தில் விழுந்து, பல்லிடைகள் தெளிவாகத் தெரிந்தன. இன்றளவும் பல்லிடைச் சூத்தையை ஆராய்வதற்கு உலகெங்கும் பயன்படும் முறை அதுவேயாகும்.

ஆனால் அம்முறைக்கு ஒரு குறை உண்டு. எனாமலின் ஒரு சிறு பகுதியிலே கனிப்பொருள் குறைந்திருந்தாலும், அதனைச் சூழ்ந்துள்ள நல்ல எனாமல் கதிரைத் தடுத்து அவ்விழப்பை மறைத்துவிடுகின்றது. நூற்றுக்கு முப்பது அல்லது நாற்பது பங்கு கனிப்பொருள் அழிந்த பின்னரே படத்திலே நிழல் விழும் என்று பல் வைத்திய நூல்கள் கூறுகின்றன. மேலும், ஒரு தடவை எடுக்கும் படத்தின் கதிரளவு மிகச் சிறியதேயெனினும், சிறுவர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் தேவையின்றி அதனை அடுத்தடுத்து எடுக்க வைத்தியர்கள் விரும்புவதில்லை. எனவேதான் கதிரியக்கக் கவலையின்றி எத்தனை முறையும் பார்க்கக்கூடிய வழியொன்றை ஆராய்ச்சியாளர் தேடினர். அத்தேட்டம் அவர்களைச் சாதாரண ஒளியினிடமே கொண்டு சேர்த்தது.

நீரும் நுரையும்

கண்டக்குழிக் கரையிலிருந்து கடலுக்குச் செல்வோர் நன்கறிந்த காட்சியொன்று உண்டு. கடல் அடங்கிய நாளிலே, பார்களின் மேலே படகை நிறுத்திக் கீழே நோக்கினால் அடித்தளம் தெரிகின்றது. அதே நீர் அலையாய் உடைந்து நுரைத்ததும் வெள்ளை வெளேரென்றாகி, அதனூடே ஒன்றும் தெரிவதில்லை. நீர் மாறவில்லை, நீருக்குள் காற்றுக் குமிழிகள் புகுந்தன, அவ்வளவே. ஒவ்வொரு குமிழியும் தன்மேல் விழும் ஒளியைத் திசை திருப்புகின்றது. கோடிக்கணக்கான குமிழிகள் ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிப்பதால் அது நேரே ஊடுருவிச் செல்ல இயலாது போகின்றது. தெளிந்த கண்ணாடியை இடித்துத் தூளாக்கினால் அத்தூள் வெண்மையாகத் தோன்றுவதற்கும் காரணம் இதுவே.

நல்ல எனாமல் தெளிந்த நீரைப் போன்றது. ஒளியை ஓரளவு ஊடே செல்லவிடும். கனிப்பொருள் கரைந்து நுண்துளை விழுந்த எனாமல் நுரையைப் போன்றது; ஒளியைச் சிதறடித்து வழிமறிக்கும். ஆதலால் முன்னிருந்து ஒளி பாய்ச்சினால் அழிந்த இடம் வெண்புள்ளியாகத் தோன்றும். பின்னிருந்து ஒளி பாய்ச்சினால் அதே இடம் கரிய நிழலாகத் தோன்றும். வெயில் படும் புறத்திலே வெள்ளையாய் விளங்கும் மேகம், அதன் கீழே நிற்பவனுக்குக் கறுத்துக் காண்பதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

ஒளிச் சிதறலைப் பற்றிப் பேசும்போது எம்மவர் ஒருவரை நினையாதிருக்க முடியாது. திருச்சிராப்பள்ளியிலே 1888இல் பிறந்த சி. வி. இராமன், 1921ஆம் ஆண்டு ஐரோப்பாவிலிருந்து ‘நார்க்குண்டா’ என்னும் கப்பலிலே திரும்புகையில், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு சிந்தித்தார். கடலின் நீலம் வானத்து நீலத்தின் வெறும் பிரதிபலிப்பு என்று அக்காலத்து அறிஞர் கூறியதை அவர் ஒப்பவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அவ்வாராய்ச்சியின் தொடர்ச்சியாக 1928இல் அவர் கண்டறிந்த விளைவுக்கு 1930ஆம் ஆண்டின் நோபெல் பரிசு கிடைத்தது. சிதறிய ஒளியின் நிறமாற்றத்தைக் கொண்டு பொருளின் இயல்பை அறியும் அம்முறையைப் பற்சூத்தை ஆராய்ச்சியிலும் இன்று விஞ்ஞானிகள் பயன்படுத்துகின்றனர்.

மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனையொன்றை இங்கே கூறுவோம். கண்ணாடிக் குவளையொன்றிலே தண்ணீரை நிரப்பி, இரண்டு மூன்று துளி பால் விட்டுக் கலக்குங்கள். இருண்ட அறையிலே ஒரு பக்கமாக டோர்ச்சை வைத்து ஒளி பாய்ச்சுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் நீர் சற்றே நீலமாகத் தோன்றும். மறுகரையிலிருந்து டோர்ச்சை நேரே நோக்கினால் ஒளி மஞ்சளாகவோ செம்மையாகவோ தோன்றும். அலைநீளம் குறைந்த நீல ஒளி எளிதிலே சிதறிவிடுகின்றது. அலைநீளம் கூடிய செவ்வொளி சிதறாமல் நெடுந்தூரம் செல்கின்றது. இவ்வுண்மையை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னர் இதுவே எமக்குத் திறவுகோலாகும்.

ஒளியிழையின் வருகை

பல்லின் பின்னே விளக்கை வைக்க வேண்டும் என்பது எளிதாய்ச் சொல்லிவிடக்கூடியதே. ஆனால் குறுகிய வாய்க்குள், கடைவாய்ப் பல்லின் அருகே, சூடில்லாத நுண்ணிய விளக்கை எப்படிக் கொண்டு செல்வது?

வளைந்து விழும் நீர்த்தாரையினுள்ளே ஒளியும் வளைந்து செல்வதை 1854ஆம் ஆண்டிலே ஜோன் டிண்டல் என்னும் விஞ்ஞானி லண்டனில் மக்கள் முன்னே காட்டினார். நீரின் உட்சுவரிலே ஒளி மீண்டும் மீண்டும் தெறித்து, வெளியே தப்பிச் செல்ல முடியாமல் தாரையோடு சென்றது. சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1954இல், பஞ்சாப் மாநிலத்தின் மோகா என்னும் ஊரிலே பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியரான ஹரல்ட் ஹொப்கின்ஸும், மயிரிழை போன்ற கண்ணாடி நார்களின் கற்றையினூடே உருவங்களை அனுப்பிக் காட்டிய செய்தியை லண்டனிலிருந்து வெளியிட்டனர். ஒளியிழை என்னும் துறை அதனோடு வேரூன்றியது.

1970ஆம் ஆண்டிலே பிரீட்மன், மார்க்கஸ் என்னும் அமெரிக்கர் இருவர், அவ்வொளியிழையைக் கொண்டு வாயினுள்ளே ஒளியூட்டிப் பற்களை ஆராயும் முறையை விவரித்தனர். எழுதுகோல் போன்ற பிடி. அதன் நுனியிலே மில்லிமீற்றர் அளவான ஒளிமுனை. வைத்தியர் அம்முனையைப் பல்லிடையின் கன்னப்புறத்திலோ நாப்புறத்திலோ, தொடுமிடத்துக்குச் சற்றுக் கீழே வைப்பார். அறை விளக்கு தணிக்கப்படும். மேலேயிருந்து சிறு கண்ணாடியால் நோக்கினால், நல்ல பல் மங்கிய விளக்குப் போல் ஒளிரும். சூத்தை இருக்குமிடத்திலே விளிம்பருகே கரிய நிழல் தெரியும்.

எமது ஆச்சியும் பேத்தியும் பல் வைத்தியரிடம் சென்ற காட்சியை இனிப் பார்ப்போம். வைத்தியர் அவ்வொளிமுனையை வைத்ததும், கீழ்த்தாடையின் முதற் பெருங்கடைவாய்ப் பல்லிலே அகன்ற கருநிழல் எழுந்தது. அதனைத் தொட்டு நின்ற அடுத்த பல்லின் சுவரிலும் கடுகளவு நிழல் ஒன்று தெரிந்தது.

"அம்மா, நீங்க அடை முட்டையை விளக்கில பிடிச்சுப் பார்ப்பீங்கதானே? இதுவும் அதுதான்," என்றார் வைத்தியர்.

"அப்ப இந்தச் சின்ன நிழல், டொக்டர்? இதையும் துளைக்கணுமா?"

"இல்லை அம்மா. அது இன்னும் கதவைத் தட்டிக்கொண்டு வெளியிலதான் நிக்குது. உள்ள விடாமப் பார்த்துக்கொள்ள வேண்டியது மகளின்ட வேலை."

எக்ஸ் கதிர்ப் படமும் அவர் கூறியதையே உறுதி செய்தது. பெரிய நிழல் உள்ள பல்லுக்கு வேர்ச் சிகிச்சை வேண்டியதாயிற்று. சிறிய நிழல் உள்ள பல்லோ துளையிடப்படவில்லை. ஓராண்டுக்கு முன்னே எவரேனும் இவ்வாறு ஒளி பிடித்துப் பார்த்திருந்தால், பெரிய நிழலும் சிறியதாகவே இருந்திருக்கும். ஆனால் பாடசாலைக்குப் பற்சிகிச்சையாளர் வந்த நாளிலே அப்பிள்ளை தந்தையோடு வேறு கரையின் வாடியிலே இருந்தாள்.

கண்ணுக்குப் புலப்படாத ஒளி

கண்ணால் கண்ட நிழலை மனத்திலே வைத்து ஆறு மாதத்தின் பின் ஒப்பிடுதல் இயலாது. ஆதலால் 1990களின் பிற்பகுதியிலே, ஒளியூட்டிய பல்லைச் சிறு கமராவினாற் படமெடுத்துக் கணினியிலே சேமிக்கும் கருவிகள் அமெரிக்காவில் ஆக்கப்பட்டன. அப்பொழுதும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளி, நல்ல எனாமலிலும் ஓரளவு சிதறவே செய்கின்றது. பாற்குவளைச் சோதனையை நினைவுகூருங்கள்: அலைநீளம் கூடினால் சிதறல் குறையும். செவ்வொளிக்கும் அப்பால், கண் காணாத செங்கீழ்க் கதிரை நாடினால் என்ன?

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே டானியல் ஃபிரீட் என்பாரின் குழுவினர் இக்கேள்வியையே ஆராய்ந்தனர். 1310 நனோமீற்றர் அலைநீளமுள்ள செங்கீழ்க் கதிர், கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் காட்டிலும் இருபது முதல் முப்பது மடங்கு குறைவாகவே நல்ல எனாமலிற் சிதறுகின்றது என்று அவர்கள் கண்டனர். அக்கதிருக்கு எனாமல் ஏறக்குறையக் கண்ணாடியாகின்றது. ஆனால் சூத்தையோ சிதறடித்துக் கரு நிழலாய் நிற்கின்றது. அவ்வாறு பல்லிடைச் சூத்தையைப் படமாக்கிய செய்தியை அவர்கள் 2003இல் வெளியிட்டனர். ஒளியிழைகளின் வழியே தொலைபேசிப் பேச்சைச் சுமந்து செல்வதற்கும் இவ்வலைநீளத்துக் கதிரே பயன்படுகின்றது என்பது சுவையான செய்தி.

1310 நனோமீற்றர்க் கதிரைக் காணும் கமராக்கள் விலை மிகுந்தவை. ஆகவே சாதாரணக் கமராச் சில்லுகளே உணரக்கூடிய 780 நனோமீற்றர்க் கதிரைப் பயன்படுத்தும் கருவிகள் 2012ஆம் ஆண்டளவில் பல் வைத்தியர்களின் கைக்கு வந்தன. இரண்டு சிறு கைகள் பல்லை இருபுறமும் தழுவி, ஈற்றின் வழியே கதிரைச் செலுத்துகின்றன. மேலேயுள்ள கமரா பல்லின் முகத்தைப் படமெடுக்கின்றது. நோயாளியும் திரையிலே தன் பல்லைத் தானே காண்கின்றார்.

எம் நாட்டவர்க்கு இதனால் மற்றுமொரு நன்மை உண்டு. வெற்றிலையும் தேநீரும் பல்லின் வெடிப்புகளிலே ஏற்றும் கறை, சாதாரண ஒளியைக் குடித்துவிட்டுச் சூத்தையைப் போல நடிக்கும். அலைநீளம் மிகுந்த செங்கீழ்க் கதிரை அக்கறை பெரும்பாலும் தடுப்பதில்லை. கறை வேறு, அழிவு வேறு என்று பிரித்தறிய அது துணை செய்கின்றது.

வேறொரு வகைக் கருவியும் உண்டு. 655 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சினால், பற்றீரியாக்கள் விட்டுச்சென்ற சில பொருள்கள் தாமும் மங்கிய ஒளியை வீசுகின்றன. அதனை அளந்து எண்ணாகக் காட்டும் கருவி 1998இல் வெளிவந்தது. ஆயினும் கறையும் பற்காரையுங்கூட அவ்வாறே ஒளி வீசி எண்ணை உயர்த்திவிடக்கூடும்.

ஒளி கூறாதவை

புதிய கருவியைக் கண்டதும் பழையதைத் தூக்கியெறிய முற்படுவது அறிவுடைமையாகாது. ஒளி, எனாமலிலே நிகழும் தொடக்க அழிவை நன்கு காட்டும். ஆனால் அழிவு எவ்வளவு ஆழம் சென்றது, நடுவறையை நெருங்கிவிட்டதா என்பதைத் திட்டமாகச் சொல்லாது. ஈறுக்குக் கீழேயும் வேரின் நுனியிலும் உள்ளவற்றைக் காட்டாது. உலோக அடைப்பின் கீழே மறைந்த சூத்தையையும் அது காணாது. அவற்றுக்கு எக்ஸ் கதிரே வேண்டும்.

மற்றொரு ஆபத்தும் உண்டு. மிக நுண்ணியதையும் காட்டும் கருவி, வாழ்நாள் முழுவதும் அசையாமல் நிற்கக்கூடிய சிறு புள்ளியையும் காட்டிவிடும். அதனைக் கண்டு அஞ்சித் துளையிட்டால், நல்ல பல்லை நாமே கெடுத்தவராவோம். பிறவியிலோ நீரின் புளோரைட் மிகுதியினாலோ எனாமலிலே வெண்கோடு படிந்தவர்க்கும் நிழல்கள் தோன்றலாம். ஆகவே நிழலைக் காட்டுவது கருவி. அதற்குப் பொருள் காண்பது வைத்தியரின் அறிவு. "இப்பல்லை இப்பொழுதே துளைக்க வேண்டுமா, ஆறு மாதம் பார்த்திருக்கலாமா?" என்று வைத்தியரிடம் பணிவோடு கேட்க ஒவ்வொரு தாய்க்கும் தந்தைக்கும் உரிமையுண்டு.

கண்டபின் செய்ய வேண்டியவை

ஒளி எந்தப் பல்லையும் குணமாக்குவதில்லை. அது காலத்தைத் தருகின்றது. அக்காலத்தைப் பயன்படுத்த வேண்டியவர் நாமே.

முதலாவது, புளோரைட் கலந்த பற்பசையினால் நாளுக்கு இருமுறை, அதிலும் படுக்கைக்குப் போகுமுன் தவறாது, பல் விளக்குதல் வேண்டும். பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்குக்குக் குறையாத புளோரைட் அப்பசையில் இருத்தல் நன்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், ஆறு வயதுவரை பட்டாணிக் கடலையளவும் போதும். விளக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, நிறைய நீர்விட்டுக் கொப்பளியாதிருத்தல் நலம். பல்லிலே எஞ்சிய புளோரைட்டே காவல். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் எம் முன்னோர்க்கு உதவின. எனினும் பல்லிடையின் மறைவிடத்துக்கு அவை சென்றவையல்ல.

இரண்டாவது, நாளுக்கொருமுறை பல்லிடை நூலாலோ பல்லிடைத் தூரிகையாலோ அவ்விடத்தைச் சுத்தம் செய்தல். குண்டூசியும் ஈர்க்கும் ஈற்றைக் கிழிக்குமேயன்றிப் பயன் தாரா.

மூன்றாவது, சீனியின் அளவோடு வேளையையும் அடக்குதல். சுவீடன் நாட்டின் வைப்பெஹோல்ம் மனநல விடுதியிலே 1940களில் நடத்தப்பட்டு 1954இல் வெளியான ஆராய்ச்சியொன்று, உணவு வேளைகளுக்கிடையே அடிக்கடி உண்ணும் ஒட்டும் இனிப்பே பல்லை மிகக் கெடுக்கின்றது என்று காட்டியது. பேசாத நோயாளரின் பற்களைப் பலி கொடுத்துப் பெற்ற அறிவாகையால், அவ்வாராய்ச்சியின் முறையை உலகம் பின்னர் கண்டித்தது. அந்த அறிவையேனும் நாம் வீணாக்கலாகாது. நாளுக்கு ஆறேழு முறை சீனித் தேநீர் பருகுபவர், ஆறேழு முறை அமிலத்துக்குக் கதவு திறக்கின்றார்.

இவற்றோடு வைத்தியர் புளோரைட் பூச்சு இடலாம். ஜெர்மனியிலே உருவாகி 2009இல் நடைமுறைக்கு வந்த முறையொன்றிலே, நுண்துளை விழுந்த எனாமலுக்குள் நீர்போன்ற பிசினை ஊடுருவச் செய்து, துளையிடாமலே அழிவை நிறுத்துகின்றனர்.

எம் நாட்டிலே

இலங்கையிலே 1943இல் கொழும்பில் தொடங்கிய பல் வைத்தியக் கல்வி, பின்னர் பேராதனைக்கு இடம்பெயர்ந்து வளர்ந்தது. பாடசாலைச் சிறுவரின் பற்களைப் பேணும் பற்சிகிச்சையாளர்க்கு மகரகமவிலே பயிற்சியளிக்கப்படுகின்றது. அரசாங்க நிலையங்களிலே சிகிச்சைக்குக் கட்டணமில்லை. இவ்வளவு இருந்தும், 2015–2016இல் நாடளாவ நடந்த வாய்ச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக் குழந்தைகள் நூறு பேரில் அறுபதுக்கும் மேற்பட்டோருக்குப் பற்சூத்தை இருந்தது. பன்னிரண்டு வயதினரில் ஏறத்தாழ முப்பது பேருக்கு இருந்தது. நிலைப்பல் முளைத்து ஆறே ஆண்டுகளில் இந்நிலையென்றால், அதனைக் காக்கும் காலம் எவ்வளவு குறுகியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாம் மேலே கூறிய விலை மிகுந்த கமராக்கள் சிற்றூர்கள் அனைத்துக்கும் நாளையே வந்துவிடப் போவதில்லை. ஆனால் எளிய ஒளிமுனை பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. அதனைப் பயன்படுத்தப் பயின்ற கண்ணும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அக்கண்ணின் முன்னே பிள்ளையை இருத்தும் பெற்றோரும் இருந்தாற் போதும். வாடிக்குச் செல்லும் குடும்பமாயினும் பாடசாலைப் பற்பரிசோதனை நாளைத் தவறவிட்டால், மீண்டும் வேறொரு நாளிலே கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். வலி வரட்டும் என்று காத்திருத்தலே பெருந்தவறு. வலி வந்ததென்றால் பகைவன் கோட்டைக்குள் புகுந்துவிட்டான்.

ஆறு மாதத்தின் பின் ஆச்சியும் பேத்தியும் மீண்டும் சென்றனர். வைத்தியர் ஒளிமுனையை வைத்து நெடுநேரம் நோக்கினார். கடுகளவு நிழல் கடுகளவாகவே நின்றது, வளரவில்லை.

அன்றிரவு ஆச்சி அடை முட்டைகளைப் பார்க்க விளக்கை ஏற்றினார். பேத்தி முதலிலே பல்லிடை நூலை எடுத்து வேலையை முடித்துவிட்டு, அவருக்கு விளக்குப் பிடிக்க வந்து அமர்ந்தாள்.